கேப்டன் முகத்துக்குப் பக்கத்தில் என் முகம்

சான் ரோக்கே பேட்டை,
ஜூலை மாதம், திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள சித்தி, தீத்தா செலி அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் ஜோனலின், உங்கள் வலக்கையை எடுத்து என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொண்டதாகப் பாவித்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பா நலம், அப்பா சவாரி ஓட்டும் டிரைசிக்கிள் மட்டும் நலமில்லை. அம்மா நலம், சனிக்கிழமையிலிருந்து என்மேல் கொஞ்சம் கோபம், அதன் காரணம் கீழே வரும். நாய் பிளாக்கி எங்கள் எல்லோரையும்விட நலம், அதன் காரணமும் கீழே வரும். ஹாங்காங்கில் நீங்களும் உங்கள் முதலாளியம்மாவும் அவருடைய இரண்டு பூனைகளும் நலமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் கருவாட்டு வாசம் அடித்தால் மன்னிக்கவும். எதிர்வீட்டு ரியா நாளைக்கு ஹாங்காங் திரும்புகிறாள். அம்மா அவளிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தில், இரண்டாவது பிளாஸ்டிக் பைக்கும் மூன்றாவது பைக்கும் நடுவில் இதை வைக்கப்போகிறேன். என் முதல் வேண்டுகோள் இது: மாதக் கடைசியில் வேலையை விடுவதாக முதலாளியம்மாவிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றீர்களே, அதை இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் வீடியோவில் கூப்பிடும்போது இங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குச் சின்னச் சதுரத்தில்தான் தெரியும். அம்மா போனைக் கை நீட்டிப் பிடித்திருப்பார். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருக்கும். அம்மாவின் தோளுக்குப் பின்னால் ரியாவின் அம்மா, ரியாவின் சித்தி, கறி வாங்கப் போகிற வழியில் நின்றவர்கள், உங்களை யாரென்றே தெரியாத ஒரு பெரியவர், எல்லோரும் கையாட்டுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருத்தி தன் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நானும் கையாட்டினேன். நாற்பத்தொரு நாள் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் உரிமத் தேர்வில் தேறவில்லை. நான்கு வருடம் நீங்கள் அனுப்பிப் படிக்கவைத்தது வீணாகவில்லை, பட்டம் பட்டம்தான், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் பட்டத்துக்குப் பிறகு எழுத வேண்டிய தேர்வில் தோற்றுவிட்டேன். நம் வீட்டு வாசலில் தொங்கும் பிளெக்ஸில் ‘உரிமம் பெற்ற ஆசிரியை’ என்று போட்டிருந்தது பொய். அன்று அதைப் பார்த்துத்தான் நீங்கள் போனில் அழுதீர்கள்.

அந்தப் பிளெக்ஸ் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். தேர்வு முடிவு வருவதற்கு நான்கு நாள் முன்பு பேட்டைத் தலைவர் கேப்டன் ருஃபிங் வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் பேட்டையில் ஒரு பெண் நர்ஸ் தேர்வில் தேறியிருக்கிறாள். முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பேட்டைக் கேப்டன் தன் முகத்தைப் பெரிதாகப் போட்டு வாழ்த்துப் பிளெக்ஸ் கட்டிவிட்டாராம். நம் கேப்டனுக்கு அது பொறுக்கவில்லை. முடிவு வந்த பிறகு அச்சுக் கடைக்கு ஓடினால் மூன்று நாள் வரிசையில் நிற்க வேண்டும், அதனால் இப்போதே அடித்துவிடலாம் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, இன்னும் முடிவு வரவில்லையே என்றேன். என் குரல் எப்போதும் போலக் கதவைத் தாண்டவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கேப்டனே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது முடிவைப் பற்றி என்ன பேச்சு என்று இருந்தது. கேப்டன் அம்மா கொடுத்த அரிசிப் பலகாரத்தை மென்றுகொண்டே, “பாஸாகாம எங்க போகப்போறா, இந்தத் தெருவுலயே கண்ணாடி போட்ட பொண்ணு இவ ஒருத்திதானே” என்றார். நம் பேட்டையில் கல்வித் தகுதியை இப்படித்தான் அளக்கிறார்கள்.

பிளெக்ஸ் வந்தது. எட்டடி அகலம். அதில் கேப்டனின் முகம் டிரைசிக்கிள் சக்கரத்தைவிடப் பெரிது. சிரிக்கிறார், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. அவர் தோளுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, பட்டமளிப்புத் தொப்பியோடு நான். என்னைச் சுற்றி மஞ்சள் நட்சத்திரங்கள். கீழே அப்பா பெயர், அம்மா பெயர், ‘பெருமையோடு வாழ்த்துவோர்’ என்று எட்டுப் பேர் பெயர், அதில் ஐந்து பேரை எங்களுக்குத் தெரியாது. முடிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைக் கட்டிவிட்டு, அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் தட்டுத் தட்டாகப் பன்சித் நூடுல்ஸ் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பட்டியல் வந்தது. அப்பா போனில் மூன்று தடவை தேடினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காவது தடவை தேடினார். அம்மா, தன் பிறந்த வீட்டுப் பெயரில் தேடிப் பார்க்கச் சொன்னார். அதிலும் இல்லை. ஞானஸ்நானப் பெயரில் தேடச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பிளாக்கியைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. அம்மா எடுத்தார். எடுத்த வேகத்தில் வாசலுக்கு ஓடி, போனைத் திருப்பி, பிளெக்ஸைக் காட்டினார். நீங்கள் அழ ஆரம்பித்தீர்கள். பத்தொன்பது வருஷம் போதும், இனி வீட்டைத் தாங்க ஒரு டீச்சர் இருக்கிறாள், நான் வந்துவிடுகிறேன் என்றீர்கள். தெருவே கைதட்டியது. அம்மாவும் அழுதார், ஆனால் அது உங்கள் அழுகையைப் போன்ற அழுகை இல்லை என்பது எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும்.

பிறகு சமையலறையில் அம்மா தீர்ப்புச் சொன்னார். செப்டம்பரில் மறுபடி தேர்வு வருகிறது, அதுவரை மூச்சு விடக் கூடாது. பிளெக்ஸை இறக்கலாமா என்று அப்பா கேட்டார். “எறக்கினாத்தான் ஊரு ஏன்னு கேக்கும். தொங்குற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் அம்மா. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டீச்சர் என்றால் வேலைக்குப் போக வேண்டும் அல்லவா? அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு வெள்ளை ரவிக்கை, கறுப்புப் பாவாடை, கையில் பை. ஜீப்னி வண்டியில் ஏறி டவுனுக்குப் போக வேண்டியது. சாயங்காலம் நாலரைக்குக் களைத்துப்போன முகத்தோடு திரும்பி வர வேண்டியது. பை காலியாக இருந்தால் தெரிந்துவிடும் என்று அதில் பழைய டெலிபோன் டைரக்டரி. முதல் வாரம் நான் திரும்பி வருகிற நேரம் பார்த்து அம்மா தெருமுனையில் நின்று, என் வலது கைச் சட்டையில் சாக்பீஸ் மாதிரி தெரியட்டும் என்று முகப்பவுடரைத் தட்டுவார்.

பகல் முழுக்க எங்கே உட்காருவது? மாதா கோயிலில் உட்கார்ந்தால் பங்குத்தந்தை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார். பூங்காவில் உட்கார்ந்தால் பாட்டுப் பாடிக்கொண்டு யாராவது பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். கடைசியில் நகராட்சி அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தைக் கண்டுபிடித்தேன். மின்விசிறி உண்டு, யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோர் முகத்திலும் ஒரே சோகம். காவலாளி சந்தேகப்படாமல் இருக்க, தினமும் டோக்கன் எடுத்துக்கொள்வேன். என் எண் வருவதற்குள் போய் இன்னொன்று எடுத்துவிடுவேன். ஒருநாள் அசந்துவிட்டேன். எண்ணைக் கூப்பிட்டார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள், பெயர் மிலாக்ரோஸ், என்ன வேண்டும் என்றார். பின்னால் சுவரில் இருந்த அறிவிப்பில் கண்ணில் பட்டதைச் சொன்னேன்: நாய்க்கு உரிமம். படிவம் கொடுத்தார், நிரப்பினேன், முத்திரை குத்தினார். தீத்தா, இன்றைய தேதியில் நம் குடும்பத்தில் உரிமம் பெற்ற ஒரே ஆள் பிளாக்கிதான்.

பேட்டைக்குள் நடப்பது அதைவிடக் கஷ்டம். தேறியவர்களின் பட்டியல் எல்லோர் போனிலும் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதனால் யார் போனைப் பார்த்துச் சிரித்தாலும் என் பெயரைத் தேடி அது இல்லை என்று சிரிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். முக்குக் கடைக்கார அம்மாள் ஆலிங் பீனாங் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். டிரைசிக்கிள் நிறுத்தத்தில் நான் நெருங்கியதும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பிளெக்ஸுக்கு அடியில் நடக்க முடியாமல் பின்பக்கப் பன்றிக் கொட்டகை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். மழை பெய்த ஒரு வியாழக்கிழமை கொட்டகைக் கழிவு ஓடும் கால்வாயில் முட்டிவரை இறங்கினேன். அன்று நகராட்சிக் கூடத்தில் எனக்கு இருபுறமும் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

கோயில் பாட்டுக் குழுவில் ஆலிங் தொரெங் இருக்கிறாரே, அவர் நேராகவே கேட்டார், எந்தப் பள்ளிக்கூடம் என்று. ஏரிக்கு அக்கரையில் என்றேன். அக்கரையில் அவருடைய நாத்தனார் மகள் இருக்கிறாளாம், எந்த ஊர் என்றார். அதற்கும் அப்பால் மலையடிவாரத்தில் என்றேன். மலையடிவாரத்தில் அவர் கணவரின் ஞானத்தகப்பன் இருக்கிறாராம். இப்படி அவர் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என் பள்ளிக்கூடம் இரண்டு மைல் தள்ளிப் போனது. ஜூன் கடைசியில் அதற்குப் போக இரண்டு படகு மாற வேண்டியிருந்தது. அப்படியும் நான் நாலரை மணிக்கு வீட்டில் இருப்பது எப்படி என்று அவர் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறார் என்று நினைத்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, கவுண்டர் மிலாக்ரோஸ் அம்மாள் என்னை விரலசைத்துக் கூப்பிட்டார். “தெனமும் வர்றே, நாள் முழுக்க உக்காந்திருக்கே, எழுதத் தெரியாதவங்களுக்கெல்லாம் ஃபாரம் நெரப்பிக் குடுக்கறே. பேசாம உள்ள வந்து உக்காரு. தற்காலிகமா ஆள் எடுக்கறோம். இப்ப என்ன பண்றே?” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டீச்சராக இருக்கிறேன் என்றேன். வாய் பழகிவிட்டது. “அய்யோ, டீச்சருக்கு எதுக்கும்மா இந்த வேலை” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். ஜீப்னியில் திரும்பி வரும்போது, கிடைக்காத வேலையைக் காப்பாற்றுவதற்காகக் கிடைத்த வேலையை விட்ட ஒருத்தி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்கிறார், நீங்கள் மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப்போகிறீர்களாம், வாயால் சொன்னதற்கே முதலாளியம்மா வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். அதுவரை அந்தப் பொய் என்னுடையது, என் வெட்கம், என் பன்றிக் கொட்டகை. இப்போது அதை நம்பி நீங்கள் பத்தொன்பது வருஷ வேலையை விடப்போகிறீர்கள். விட்டுவிட்டு, ஒரு நாய் உரிமம் மட்டுமே உள்ள வீட்டுக்கு வந்து நிற்கப்போகிறீர்கள். அன்று அம்மாவை முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். என் குரல் இந்த முறை கதவைத் தாண்டியது.

“தீத்தாகிட்ட சொல்லிடலாம்மா.”

“அவகிட்ட சொன்னா அவ யாருகிட்டயாவது சொல்லுவா. அது இங்க வந்து சேரும். ஊரு என்ன சொல்லும்?”

“வேலைய விட்டுட்டு வந்து நின்னா தீத்தா என்னம்மா சொல்லுவாங்க?”

அம்மா கழுவி வைத்த பானையை எடுத்து மறுபடி கழுவினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டேன். கோயில் ஏணியைக் கேட்டு வாங்கிவந்தேன். பத்து மணி என்றால் தெருவில் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்துதான் பத்து மணி. யாரும் இல்லாத நேரத்தில் ஏறினால் ஏறினதாக ஆகாது என்று தோன்றியது. தைரியத்தால் போகவில்லை, தீத்தா. இன்னும் ஒரு நாள் யோசித்தால் போக மாட்டேன் என்று தெரிந்துதான் போனேன். ஏணியின் ஆறாவது படியில் கேப்டனின் காது. ‘உரிமம் பெற்ற’ என்பதன் மேல் பட்டையாக ஒரு கோடு இழுத்தேன். அதன் கீழே, ‘இன்னும் இல்லை. செப்டம்பரில் மறுபடி எழுதுகிறேன்’ என்று எழுதினேன். பிரஷ்ஷை அதிகமாக முக்கியதில் பெயின்ட் வழிந்து கேப்டனின் முன்பல் இரண்டும் பச்சையாகிவிட்டன.

திரும்பிப் பார்த்தால் கீழே கூட்டம். டிரைசிக்கிள்காரர்கள், ஆலிங் பீனாங், கையில் பாட்டுப் புத்தகத்தோடு ஆலிங் தொரெங், இன்னும் இருபது பேர். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட ‘உள்ளேன்’ என்று சொல்ல நான் எழுந்து நிற்காதவள். ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நான் பாஸாகல. இதுல போட்டிருந்தது பொய். நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகல” என்றேன்.

ஆலிங் பீனாங், கண்ணுக்குமேல் கை வைத்து நிமிர்ந்து பார்த்து, “கேப்டனுக்குப் பல்லு என்ன ஆச்சு?” என்றார்.

நான் மறுபடி சொன்னேன், பாஸாகவில்லை என்று. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“அது நீயா?” என்றார் ஆலிங் பீனாங். “கேப்டனோட பொண்ணுன்னுல்ல நெனச்சேன். தொப்பி போட்டிருக்கா, யாருக்குத் தெரியுது.”

டிரைசிக்கிள் வரிசையில் முதலில் நின்ற பாஸ்தோர், “நாங்க அத வாசிச்சதே இல்லம்மா. கேப்டன் மூஞ்சி போட்டிருந்தா வாசிக்க மாட்டோம். அது வழக்கம்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது எதற்கு என்று கேட்டேன். சேவல் சண்டைப் பந்தயம் பற்றிப் பேசுவார்களாம். நான் அப்பாவிடம் சொல்வேன், அப்பா அவர்கள் மனைவிமாரிடம் சொல்வார் என்று பயமாம். ஆலிங் பீனாங் சிரித்தது போனில் பார்க்கும் கொரியத் தொடருக்கு. அன்றைக்குப் பன்சித் கொடுத்தனுப்பியது எதற்கு என்று நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “உங்கப்பாவுக்குப் பொறந்த நாளுன்னு நெனச்சேன். எல்லாரும் வாழ்த்துச் சொன்னோமே” என்றார். அப்பாவுக்கு அன்று ஏன் அத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது என்று எழுத வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு நாள் பன்றிக் கொட்டகையைச் சுற்றியிருக்கிறேன், டெலிபோன் டைரக்டரி சுமந்திருக்கிறேன், எட்டடிப் பிளெக்ஸில் என் முகம் தொங்கியிருக்கிறது, ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா? ஒருத்தர்கூட என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லையா? நான் என்ன அவ்வளவு இல்லாதவளா? ஏணி மேலேயே நின்று கண் கலங்கிவிட்டது. அப்போது ஆலிங் தொரெங் மெதுவாகக் கேட்டார். “அப்போ அந்த ரெண்டு படகு மாறிப் போற பள்ளிக்கூடம்?”

“அது இல்ல, ஆலிங்” என்றேன்.

“நானும் என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், ரெண்டாவது படகு எங்கருந்து கெளம்புதுன்னு. அவரு நேத்துக்கூட ஏரிக்கரைல போயி விசாரிச்சிட்டு வந்தாரு.”

கூட்டம் சிரித்தது. ஒருவர், இருவர் இல்லை. பாஸ்தோர் வண்டியின் ஹாரனை அடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் வாழ்க்கை முழுக்கப் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான், தீத்தா, நேருக்கு நேராக, வாய்விட்டு. ஏரிக்கரையில் அந்த மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு இல்லாத படகை விசாரிப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானத்திலிருந்து பேட்டையில் எனக்குப் பெயர் ‘ரெண்டு படகு’. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். பிளெக்ஸுக்கு அடியிலேயே நடந்து போகிறேன்.

கேப்டன் வந்தார். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பல்லை மட்டும் வெள்ளையாக்கிக் குடுத்துடும்மா” என்றார். ஆக்கிக் கொடுத்தேன்.

அம்மாதான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை. யார் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பதில்கள் தயார் செய்துகொண்டிருந்தார். அப்பா எண்ணினார், ஏழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா துணிந்து முக்குக் கடைக்குப் போனார். முக்கால் மணி நேரம் நின்றார். வினிகர் வாங்கினார், பிறகு தேவையில்லாமல் இன்னொரு வினிகர் வாங்கினார். திரும்பி வந்து பையை மேசையில் வைத்த சத்தத்தில் பிளாக்கி எழுந்துவிட்டது. “யாருமே கேக்கல” என்றார். அதற்கும் என்மேல்தான் கோபம்.

இன்று காலை நகராட்சிக்குப் போய், டோக்கன் எடுத்து, முறையாகக் காத்திருந்து, மிலாக்ரோஸ் அம்மாளிடம் நான் டீச்சர் இல்லை என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. டீச்சர்கள் வார நாட்களில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார மாட்டார்கள் என்று அவருக்கு முதலிலேயே தோன்றியதாம். புதன்கிழமை முதல் கவுண்டருக்கு உள்பக்கம் உட்காரப்போகிறேன். தற்காலிகம்தான், செப்டம்பர் வரைக்கும். தேர்வுக்குச் சாயங்காலம் படிப்பேன். தேறுவேனா என்று எனக்குத் தெரியாது. தேறாவிட்டாலும் அதற்கு அடுத்த தேர்வு மார்ச்சில் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம், தீத்தா, இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தபோது இரண்டு பெரிய அட்டைப் பெட்டி கொண்டுவந்தீர்கள். இரண்டாவது பெட்டியை நான்தான் பிரித்தேன். உள்ளே கசக்கிய செய்தித்தாள்களும் ஒரு தலையணையும் மட்டும் இருந்தன. ஒரே பெட்டியோடு வந்தால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்றுதானே? நான் மறுபடி டேப் ஒட்டி வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பணத்தில் ஆரம்பித்த வீட்டு மாடியைக் கட்டி முடிக்காமல் திரும்பி வந்தால் சிரிப்பார்கள் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு வருஷம் என்றீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆலிங் பீனாங்கிடம் நேற்று சும்மா கேட்டுப் பார்த்தேன், எங்கள் மாடி ஏன் பாதியில் நிற்கிறது என்று ஊரில் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா என்று. “உங்க வீட்டுக்கு மாடி இருக்கா?” என்றார். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பிகள் துணி காயப்போடத்தான் இருக்கின்றன என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் வேலையை விடுவதும் விடாததும் உங்கள் முழங்கால் சொல்கிறபடி செய்யுங்கள். நான் பாஸானேன் என்பதற்காக வராதீர்கள், அது நடக்கவில்லை. நான் பாஸாகவில்லை என்பதற்காக வராமலும் இருக்காதீர்கள். இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருங்கள். களைத்துவிட்டது என்றால் ஒரே ஒரு கைப்பையோடு வாருங்கள். அப்பாவின் வண்டி ஓடாவிட்டால் பாஸ்தோரின் வண்டியில் நானே வந்து கூட்டிப்போகிறேன். உங்கள் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் இப்போதைக்கு என் புத்தகங்கள் தூங்குகின்றன, எழுப்பிவிடலாம். என்மேல் வருத்தம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், நேரில் திட்டுங்கள். போனில் திட்டினால் ரியாவின் அம்மாவும் கையாட்டுவார்.

அப்பா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அம்மா, கருவாட்டை வெயிலில் இன்னொரு தரம் காயவைக்கச் சொல்லி எழுதச் சொன்னார். அதற்கு மேலே எழுதியிருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. காலில் புண்ணோடு ஊர் ஊராக நடந்த நம் பேட்டைப் புனிதர், உங்கள் முழங்காலையும் படி இறங்கும்போது பார்த்துக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் குடையில்லாமல் மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். பூனைகளுக்கும் என் அன்பு.

தங்கள் ஆசியை எப்போதும் வேண்டும்,
ஜோனலின்

பின்குறிப்பு: இனி யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை என்பதை மேலே ஒருமுறைகூடத் தெளிவாக எழுதவில்லை என்று படித்துப் பார்த்தபோது தெரிந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்: கவலையில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு மேம்பாலத்தடியில் அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடும் உங்கள் தோழிகளிடம் மட்டும் நான் பாஸாகிவிட்டேன் என்றே சொல்லி வையுங்கள். அவர்களில் இலோய்லோ ஊர்க்காரி ஒருவர் உங்கள் போனில் என் படத்தைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பார்த்தாலே படிப்பு வரும் என்று தெரிகிறது என்று சொன்னாராம். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அவர் என்ன நினைப்பார்?